பழைய மசில் காருக்கு எந்த பெயின்ட், எந்த கிளியர்? புதிதாக இறங்குபவர்களுக்கு

1970 பிளிமத் குடா, 1969 கமாரோ, 1968 டாட்ஜ் சார்ஜர்: சக்திவாய்ந்த எஞ்சினுக்குப் பேர்போன அமெரிக்க மசில் கார்கள். இவற்றில் எதுவும் தொழிற்சாலையிலிருந்து கிளியர் கோட்டோடு (நிறமில்லாத பளபளப்பு மேற்பூச்சு) வெளியே வரவில்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்ட்டில் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கர் (தின்னர் ஆவியாகியே காயும் பெயின்ட்) அடித்தது. ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமல் அடித்து அடுப்பில் காயவைத்தன. அடியில் நிறம், மேலே கிளியர் என்கிற இரண்டடுக்கு முறை பரவியது 1980களில். ஆகவே இந்தக் கார்களைப் புதுப்பிக்க இறங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கிளியர் அடிப்பதா வேண்டாமா என்பதைத்தான். எந்த கம்பெனி, எவ்வளவு மினுக்கு என்பதெல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.

அதற்கான விதி சிறியது. நிறம் மெட்டாலிக் (உலோகத் துகள் மினுக்கும் நிறம்) என்றால் பேஸ்கோட்டும் (நிறம் மட்டும் தரும் அடி அடுக்கு) அதன்மேல் கிளியரும். நிறம் சாலிட் (துகள் இல்லாத வெறும் நிறம்) என்றால் சிங்கிள் ஸ்டேஜ் யூரித்தேன், அதாவது நிறமும் பளபளப்பும் ஒன்றாகவே உள்ள பெயின்ட், போதும். பல கார்களில் அதுதான் பொருத்தமாகவும் இருக்கும். காரணம் கீழே வருகிறது. அதற்கு முன், காரின் மேல் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

பழைய பெயின்ட்டைச் சோதியுங்கள்

வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னரை நனைத்து, வெளியே தெரியாத ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர். சுருங்கிப் புடைத்தால் பெரும்பாலும் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் ஹார்ட்னர் (பெயின்ட்டைக் கெட்டியாக்கக் கலக்கும் திரவம்) கலந்த 2கே பெயின்ட்டாகவோ நன்றாகச் சுட்ட எனாமலாகவோ இருக்கும். முதல் இரண்டில் எது வந்தாலும் தகடு வரை சுரண்டிவிடுவதே நல்லது. லாக்கருக்கு மேல் புது பெயின்ட் அடித்தால் அதிலுள்ள தின்னர் கீழே இறங்கும், பழைய பூச்சு உப்பும். அடித்த அன்று அழகாகத்தான் இருக்கும்; சில வாரம் கழித்து உப்புத்தாள் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே தெரியத் தொடங்கும்.

பூச்சின் தடிமனை அளக்கும் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் கார் முழுக்க வைத்துப் பாருங்கள். 300 மைக்ரானுக்கு மேல் காட்டும் இடங்களில் பட்டி இருக்கிறது, இல்லையென்றால் முன்பே ஒருமுறையாவது மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சில சிவப்புகளில் ஈயம் கலந்த லெட் குரோமேட் நிறமி இருந்தது. எனவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், கெமிக்கல் ரிமூவர் போடலாம். எப்படியானாலும் நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் கட்டாயம். போனட், கூரை, பின் குவார்ட்டர் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) போன்ற அகலமான தகடுகளில் மணல் வீச்சு வேண்டாம். தகடு அலையலையாக நெளிந்துவிடும், அதை நேராக்கும் வேலை பெயின்ட் வேலையைவிடப் பெரிது.

நிறக் குறியீடு எங்கே இருக்கும்

கிரைஸ்லர் வண்டிகளில் (டாட்ஜும் பிளிமத்தும் அதன் பிராண்டுகள்) போனட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் உள்பக்கத்தில், ஒரு சிறு தகடு. ஃபோர்டில் ஓட்டுநர் கதவில். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வாலில். ஒரே குறியீடு இரண்டு பெயரில் விற்றிருக்கும், குழம்ப வேண்டாம்: எஃப்சி7 என்பது டாட்ஜில் பிளம் கிரேஸி, பிளிமத்தில் இன்வயலட். இவி2 டாட்ஜில் ஹெமி ஆரஞ்ச், பிளிமத்தில் டார் ரெட். கடையில் பெயரைச் சொல்லாமல் குறியீட்டையும் வருடத்தையும் சொல்லுங்கள்.

பழைய நிற அட்டைகளில் டிட்ஸ்லர், டூபாண்ட் எண்கள் இருக்கும். டிட்ஸ்லர் என்பது பிபிஜி கம்பெனியின் கார் பெயின்ட்டுக்கு முன்பிருந்த பிராண்டுப் பெயர். டூபாண்டின் கார் பெயின்ட் பிரிவு 2013இல் ஆக்சால்டா ஆனது. அந்த எண்களை வைத்து இன்றைய ஃபார்முலாவைத் தேடி எடுக்க முடியும்.

ஆனால் ஃபார்முலா வெறும் தொடக்கம்தான். டிக்கி விரிப்புக்கு அடியில், டாஷ்போர்டுக்குக் கீழே, சீட்டுக்கு அடியில் என வெயில் படாத இடத்தில் அசல் பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அதை லேசாக பாலிஷ் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிட, கடையில் கலந்து தந்ததை ஒரு அட்டையில் உங்கள் ஸ்ப்ரே கன்னால், உங்கள் பிரஷரில் அடித்துக் காயவையுங்கள். கிளியர் வருவதானால் அதில் பாதிக்குக் கிளியரும் அடியுங்கள். நேர் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும். டப்பாவின் மூடியில் தடவிய ஈர நிறத்தை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு முழுக் காரையும் திரும்ப அடிக்கிறார்கள்.

சாலிடா, மெட்டாலிக்கா

மெட்டாலிக் பெயின்ட்டுக்குள் அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன. அவை ஒரே சீராகப் படுத்தால் நிறம் ஒன்றாகத் தெரியும். ஈரமாக அடித்தால் துகள் உள்ளே அமிழ்ந்து நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் மேலே நின்று வெளுக்கும். இதையே சிங்கிள் ஸ்டேஜில் அடிக்கும்போது ஒரு வழிசல் விழுந்தாலோ தூசி ஒட்டினாலோ அதைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்தால் துகளும் சேர்ந்து அறுபட்டு, அந்த இடம் திட்டாக நிற்கும். பேஸ்கோட் முறையில் துகள் மெல்லிய அடுக்கில் படுத்திருக்கும். நீங்கள் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் மேலே உள்ள கிளியரை மட்டும்தான். மெட்டாலிக்குக் கிளியர் வேண்டும் என்பது இதனால்.

சாலிட் நிறத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். வழிசலைத் தேய்த்தாலும் அடியில் அதே நிறம்தான். பாலிஷ் பேடில் உங்கள் காரின் நிறம் ஏறும்; அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், சிங்கிள் ஸ்டேஜ் அப்படித்தான். தோற்றத்திலும் அசலுக்கு அது நெருக்கம். கறுப்பு சார்ஜரின் மேல் நான்கு கோட் கிளியர் அடித்துக் கண்ணாடியாக்கினால் கார் அழகாகத்தான் இருக்கும், ஆனால் 1968ஆம் ஆண்டுக் காராகத் தெரியாது. இது ரசனை சார்ந்த விஷயம். எங்கள் ரசனை எந்தப் பக்கம் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு அடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈய நிறமிகளுக்கு மூடும் சக்தி அதிகம். இன்றைய ஈயமில்லா நிறமிகளில் பலவற்றுக்கு அது குறைவு. அதே ஹெமி ஆரஞ்ச் இன்று ஐந்தாறு கோட் கேட்கலாம். ஃபார்முலாவில் சொல்லியிருக்கும் சாம்பல் ஷேடில் சீலர் (நிறத்துக்குச் சற்று முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் கோட் குறையும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கரை மறைப்புத் தாளில் ஒட்டி காரோடு சேர்த்து அடியுங்கள். கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை நிறம் மூடவில்லை என்று அர்த்தம்.

லாக்கர்? அசல் தன்மையை மதிப்பிடும் போட்டிக்குக் கொண்டுபோகிற காராக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கோட் நிறைய வேண்டும், ஈரக் காற்றில் வெள்ளை பூக்கும், வருடங்கள் போனால் வெடிக்கும். தண்ணீர் சார்ந்த பேஸ்கோட் நல்ல பொருள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் மேற்பூச்சில் லிட்டருக்கு 420 கிராமுக்கு மேல் ஆவியாகும் கரைப்பான் கூடாது என்பதால் அங்கே அதுவே வழக்கம். ஆனால் அது காய வெப்பத்தைவிட காற்றோட்டம் முக்கியம். வீட்டுக் கொட்டகையில் முதல் கார் அடிப்பவருக்குத் தின்னர் சார்ந்த பேஸ்கோட்டே எளிது, உங்கள் ஊர் விதி அனுமதித்தால்.

அடித்தளம், சுருக்கமாக

வெறும் தகட்டை 80 நம்பர் தாளால் கீறி, எபாக்சி பிரைமர் (தகட்டைப் பிடித்துத் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட். அதன்மேல் பட்டி. பட்டியை 180 வரை தேய்த்ததும் ஹைபில்ட் (தடிமனாகப் படியும்) யூரித்தேன் பிரைமர் மூன்று கோட். கறுப்புப் பொடியையோ மெல்லிய கறுப்பு ஸ்ப்ரேயையோ மேலே தூவி, நீளமான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால், கறுப்பு போகாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். சாலிட் நிறத்துக்கு ஈரத்தில் 400 முதல் 600 வரை, மெட்டாலிக்குக் குறைந்தது 600. துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலம் போட்டிருந்தால் அதை முழுக்கக் கழுவி எடுக்காமல் எபாக்சி அடிக்காதீர்கள், பிடிக்காது. எபாக்சியிலிருந்து கிளியர் வரை எல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஒன்றின் ஹார்ட்னரை இன்னொன்றில் கலப்பது, காயாத பெயின்ட்டுக்கு நேர் வழி.

கிளியரைத் தேர்வு செய்வது

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, வேகமாகக் காயும் கிளியரை வாங்குவது. அது ஒரு கதவு, ஒரு பம்பர் அடித்து அன்றே வண்டியை விடும் பட்டறைக்காகச் செய்தது. முழுக் காரைச் சுற்றி ஒரு கோட் அடிக்க உங்களுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். கூரையில் தொடங்கி ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வரும்போது, விளிம்பில் கிளியர் காய ஆரம்பித்திருக்கும். பக்கத்தில் அடிக்கும் தூவல் அதன்மேல் விழுந்து உருகாமல் சொரசொரவென்று நிற்கும். முழுக் காருக்கென்று விற்கும் கிளியரையும், கொட்டகையின் வெப்பத்துக்கு ஏற்ற ஹார்ட்னரையும் எடுங்கள். 18 டிகிரிக்குக் கீழ் ஃபாஸ்ட், 18 முதல் 24 வரை மீடியம், அதற்கு மேல் ஸ்லோ என்பது பொதுவான அளவு. முழுக் கார் என்றால் ஒரு படி மெதுவானதை எடுப்பது வழக்கம்.

அடுத்தது சாலிட்ஸ், அதாவது காய்ந்த பின் தகட்டில் மிஞ்சும் பங்கு. அது அதிகமான கிளியர் இரண்டு கோட்டிலேயே தடிமன் தரும், ஆனால் கெட்டியாக இருப்பதால் கை பழகாதவருக்கு ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம் விழும், சட்டென்று வழியவும் செய்யும். நடுத்தர சாலிட்ஸ் உள்ளதை மூன்று கோட் அடிப்பதுதான் முதல் காருக்கு நிதானமான வழி. மலிவான கிளியரில் சூரிய ஒளியைத் தடுக்கும் சேர்மானம் குறைவாக இருக்கும். சில வருடங்களில் கூரையும் போனட்டும் வெளுத்துச் செதில் செதிலாக உரியும். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. ஹார்ட்னர் கலக்காத 1கே ஸ்ப்ரே டப்பா கிளியரை வெளி உடம்பில் தொடவே வேண்டாம், பெட்ரோல் சிந்தினால் கரையும்.

எவ்வளவு வாங்குவது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய இரண்டு கதவு காரின் வெளிப்பரப்பு 14 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பின் கோட்டுக்கு 25 மைக்ரான், மூன்று கோட்டுக்கு 75. 14ஐ 75ஆல் பெருக்கினால் 1,050 மில்லி. இது தகட்டில் மிஞ்ச வேண்டிய அளவு. கலந்த கிளியரில் சாலிட்ஸ் 45 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2.3 லிட்டர் தகட்டில் விழ வேண்டும். கன்னிலிருந்து கிளம்புவதில் பாதிதான் காரில் உட்காரும், மீதி காற்றோடு போகும். ஆக 4.7 லிட்டர். நான்குக்கு ஒன்று கலக்கும் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) கிளியரும் ஒரு குவார்ட் (அதில் கால் பங்கு) ஹார்ட்னரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே அளவு. கை நடுங்கும் என்று தெரிந்தால் கூட ஒரு குவார்ட் எடுத்து வையுங்கள்.

நிறத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம் சேரும். கிரைஸ்லர் என்றால் எஞ்சின் அறையும் உடம்பின் நிறத்திலேயே இருக்கும், எனவே கூடுதலாகத் தேவைப்படும். ஃபோர்டிலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் அது பெரும்பாலும் மங்கிய கறுப்பு. எத்தனை டப்பா வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்க வேண்டும். டப்பாவுக்கு டப்பா ஷேடு மாறும், நடுக் கதவில் அது தெரியும்.

போனட்டின் மங்கிய கறுப்புப் பட்டைகளைக் கடைசியாக, எல்லா பாலிஷும் முடிந்த பின் அடியுங்கள். மங்கலான பூச்சைப் பாலிஷ் செய்ய முடியாது, செய்தால் மினுங்கிவிடும். பளபளப்பான கோடுகள் என்றால் கிளியருக்கு அடியில் போவது நல்லது. நிறத்தை மெல்லிசாக அடித்து, முழுதாகக் காயும் முன்னே டேப்பைத் தாழ்வாக மடக்கி இழுங்கள்.

அடிக்கும் முன் மூச்சைப் பற்றி

ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய பொருள். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் கரி வடிகட்டி மாஸ்க் தீர்ந்துபோனதும் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி, முழு உடை, நைட்ரைல் கையுறை. இது முடியாது என்றால் அடிக்கும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லா வேலையையும் நீங்களே செய்யலாம்.

அடிக்கும் நாள்

1. கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும்வரை தண்ணீர் பிரியாது. ஏழெட்டு மீட்டர் குழாய்க்குப் பின் வாட்டர் செப்பரேட்டரை மாட்டுங்கள். எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை விடும் ஸ்ப்ரே கன்) நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்று கேட்கும். சிறிய கம்ப்ரெசர் நடுக் கோட்டில் மூச்சு வாங்கும்.

2. நாசில்: ஹைபில்ட் பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 மில்லிமீட்டர், நிறத்துக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4. பிரஷர் கன்னின் வாயில், டிரிக்கரை இழுத்துப் பிடித்த நிலையில் பார்க்க வேண்டும்.

3. மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, காயும் முன் இன்னொரு துணியால் துடைத்தெடுங்கள். காயவிட்டால் அழுக்கு அங்கேயே திரும்ப உட்கார்ந்துவிடும். பிறகு டேக் துணி, அதாவது தூசியை ஒட்டி எடுக்கும் பசைத் துணி.

4. தரையைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும்.

5. பேஸ்கோட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூடும்படி அடியுங்கள். மெட்டாலிக் என்றால் முக்கால் மூடட்டும். கோட்டுக்குக் கோட் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். மெட்டாலிக்கின் கடைசிக் கோட்டை 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பிரஷரைக் குறைத்து மெல்லிசாகத் தூவினால் திட்டு கலைந்துவிடும்.

6. கழற்றி அடிக்கும் கதவு, ஃபெண்டரை காரில் இருக்கும் அதே நிலையில் தொங்கவிட்டு அடியுங்கள். படுக்கவைத்து அடித்த கதவில் துகள் வேறு மாதிரி படும். மாட்டிய பின் அது பக்கத்து ஃபெண்டரோடு சேராது.

7. பேஸ்கோட் மங்கலாகக் காய்ந்து, அரை மணி நேரம் போன பின் கிளியர். பெரும்பாலான பேஸ்கோட்டுகளுக்கு 24 மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டினால் லேசாகத் தேய்த்து இன்னொரு நிறக் கோட் அடித்த பிறகே கிளியர். கெடுவை மீறி அடித்த கிளியர் பின்னாளில் தோலாக உரிந்து வரும். உங்கள் பெயின்ட்டின் தொழில்நுட்பத் தாளில் போட்டிருக்கும் எண்ணே கடைசி வார்த்தை.

8. கிளியரின் முதல் கோட் மிதமான ஈரம், அடுத்த இரண்டும் முழு ஈரம். விரல் முதுகால் மறைப்புத் தாளின் மேலுள்ள கிளியரைத் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. அப்போதுதான் அடுத்த கோட்.

கெடுவது ஏன்

சிறு குழிகளாக விலகி நிற்பது மீன்கண்: சிலிகான். அதே கொட்டகையில் டாஷ்போர்டுக்குப் பாலிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தாலே போதும். அடுத்த கோட்டைக் கனமாக அடித்து மூடப் பார்க்காதீர்கள். காயவிட்டு, தேய்த்து, சுத்தம் செய்து திரும்ப அடியுங்கள்.

ஊசி குத்தியது போன்ற புள்ளிகள், உள்ளே சிக்கிய தின்னர் மேல்தோலைக் கிழித்து வெளியேறியதால் வருபவை. கோட்டுகளுக்கு நடுவே பொறுக்காததும் ஹார்ட்னர் வேகமானதுமே காரணம். அன்று பளபளத்த கிளியர் ஒரு வாரத்தில் மங்கினால் அதற்கும் இதே காரணம்தான். முழுதாகக் காயவிட்டுப் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் திரும்பும். ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம் குறைந்த பிரஷர், அதிக தூரம், அல்லது வெப்பத்துக்குப் பொருந்தாத வேகமான தின்னர். வழிசல் விழுந்தால் அந்த நிமிடம் கைவைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, இரு ஓரமும் டேப் ஒட்டிய பிளேடால் மேட்டை மட்டும் சுரண்டி, 1000 நம்பரில் தேய்த்துவிடலாம்.

தேய்த்தலும் பாலிஷும்

கிளியர் அடித்த இரண்டு மூன்று நாளில், இன்னும் கல்லாகாத போதே தேய்ப்பது எளிது. 1000 அல்லது 1500, பிறகு 2000, 3000. சிறிய கட்டையில் தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில். மொத்தத்தில் 10 முதல் 15 மைக்ரானுக்கு மேல் எடுக்க வேண்டாம். பேனல் விளிம்பிலும் உடம்பின் கூர்மையான மடிப்புக் கோட்டிலும் கிளியர் எப்போதும் மெல்லியது, அங்கே டேப் ஒட்டிவிட்டே தேய்க்கவும். சார்ஜரின் கதவில் குழிந்து செல்லும் அந்த இரட்டை மடிப்பில் பஃபிங் மெஷினை ஒரு நொடி நிறுத்தினால் அடி நிறம் எட்டிப் பார்க்கும். அங்கே கையால் போடுங்கள்.

மெழுகு பூசுவதை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், மிச்சமுள்ள தின்னர் வெளியேற வேண்டும். மீந்த பேஸ்கோட்டை, தின்னர் கலக்காததாக இருந்தால், கழுத்து வரை நிரம்பும் சிறு டப்பாவில் இறுக மூடி, மேலே நிறக் குறியீடு, ஃபார்முலா எண், சீலரின் சாம்பல் ஷேடு, நாள் எல்லாம் எழுதி வையுங்கள். திறந்த ஹார்ட்னரை மட்டும் வைத்திருக்க வேண்டாம். காற்றின் ஈரம் பட்டுக் கெட்டுவிடும், அடுத்த தடவை ஒரு கல் விழுந்து தெறித்த இடத்தைத் தொட்டு அடிக்கும்போது புதிது வாங்கிக்கொள்ளலாம்.